பேச்சியோடையின் மீதி

கல் ஏதும் வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக அருமைநாயகி சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒழுங்கையில் இறங்கி நடந்தாள். மழை விட்டபாடில்லை. வீட்டுக்குள்ளே அவளைப் பெற்ற ஐயாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பரியாரி வந்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிப் பாலைப் பருக்குங்கோ" என்று சொல்லி எழும்பிப் போயிருந்தார். அந்த நிலையிலும் ஓட்டில் மழை விழுகிற சத்தம் காதில் பட்டதும் ஐயா கண்ணைத் திறந்து, "பிள்ளை, கல் வந்திட்டுதோ எண்டு பாத்துக்கொண்டு வா" என்றார். சின்னப் பிள்ளையாக இந்த ஊருக்கு வந்த நாள் முதல் ஒவ்வொரு மழைக்கும் போய்ப் பார்த்துக்கொண்டு வருகிறவள், இன்றைக்கு மட்டும் போகாமல் விடுவாளா? போனாள்.

சண்டிலிப்பாயில் கல் வராது. மலை இருந்தால்தானே ஆறு இருக்கும், ஆறு இருந்தால்தானே கல் உருளும்? யாழ்ப்பாணத்துக்கு ஆண்டவன் இரண்டையும் கொடுக்கவில்லை. வழுக்கையாறு என்று பேருக்கு ஒன்று உண்டு. மாரியில் கொஞ்ச நாள் அது ஆறு. மற்ற நாளெல்லாம் மாடு மேய்கிற தரவை. அதில் வெள்ளம் கொண்டுவந்து சேர்ப்பது வைக்கோலும், பழுத்த பனையோலையும், யாராவது வரம்பில் மறந்து விட்டுப்போன சட்டியும்தான். ஒழுங்கை முடிகிற இடத்தில் நின்று அவள் அதைத்தான் பார்த்தாள். கலங்கல் தண்ணீர் அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு பனங்கொட்டை மிதந்து வந்தது.

ஊர் ஊராய்த் தேடி இந்த ஊரில்தான், ஆற்றில் எவ்வளவு கல் வரும் என்று முன்கூட்டிச் சொல்வதற்கு அரசாங்கச் சம்பளம் வாங்கிய மனிதர் வந்து குடியிருந்தார். சனம் சிரிக்காமல் என்ன செய்யும்? அவளுடைய ஐயாவின் ஓவசியர் அம்பலவாணர் என்ற பெயரைக் கல்லோவசியர் என்று ஆக்கிவிட்டார்கள். சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவள்கூட, "ஓவசியர் ஐயா, இந்த மாரிக்கு எங்கடை கிணத்துக்குள்ளை எவ்வளவு கல் விழும்?" என்று கேட்பாள். அவர் கோபிக்க மாட்டார். "கிணத்துக்கு மேலை என்ன நிக்குது?" என்று திருப்பிக் கேட்பார். அவர் பகிடி விடுகிறார் என்று அவள் நினைத்துச் சிரிப்பாள். அவர் பகிடி விடுகிற மனிதர் அல்ல.

மலைநாட்டில், அப்புத்தளைக்குக் கீழே, பேச்சியோடை என்று ஓர் ஓடை. ஓடை என்றால் நடந்து போகிற ஓடை அல்ல, குதித்து இறங்குகிற ஓடை. அதன் அடியில் வயலுக்குத் தண்ணீர் திருப்ப ஓர் அணை கட்டியிருந்தார்கள். மழைக்கு மழை ஓடை மண்ணும் மணலும் கல்லுமாக வாரிக்கொண்டு வந்து அணையைத் தூர்த்துவிடும். எவ்வளவு வரும் என்று முன்பே தெரிந்தால்தான் தூர் அள்ள ஆள் பிடிக்கலாம், அணையையும் காப்பாற்றலாம். அதைச் சொல்வதுதான் அம்பலவாணரின் உத்தியோகம். தண்ணீரைச் சொல்வது பெரிய வித்தை இல்லை. பெய்த மழைக்கு ஏற்றபடி தண்ணீர் வரும். கல் அப்படி வராது. ஒரு வருடம் பேய்மழை கொட்டும், ஓடை வெறும் கலங்கலோடு போய்விடும். இன்னொரு வருடம் ஒரு தூற்றலுக்கு யானைப் பருமனில் கல் வந்து அணையடியில் குந்தியிருக்கும். மேலே என்ன சேர்ந்து கிடக்கிறதோ அதுதான் வரும். மழை அதற்கு ஒரு சாட்டு, அவ்வளவுதான்.

அவர் கல்லுக்குச் சிவப்பு பெயின்ற் பூசி ஓடையின் மேலும் கீழும் அங்கங்கே வைத்துவிடுவார். மழை விட்டதும் போய் எந்தக் கல் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று தேடுவார். பூசுகிறவள் அருமைநாயகி. அப்போது அவள் பாவாடை கட்டின பிள்ளை. கை, மூக்கு, பாவாடை எல்லாம் சிவப்பாக்கிக்கொண்டு வருவாள். அம்மா தெய்வானை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துத் தேய்த்துத் திட்டுவாள்.

நனைந்த சேலை காலில் ஒட்ட, அவள் திரும்பி வந்து படலையைத் தள்ளினாள். படலைக்குப் பின்னால் கிடந்த கல் கரகரத்துக்கொண்டு நகர்ந்தது. தேங்காயிலும் கொஞ்சம் பெரிய, உருண்ட கறுத்தக் கல். எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லுக்கும் அதற்கும் ஒரு சொந்தமும் இல்லை. அயலட்டை ஆடுகள் படலையை முட்டித் திறந்து உள்ளே வந்து பயிரை மேயாமல் இருக்க, அதை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

மாமி இரத்தினம்மா விறாந்தையில் நின்றாள். ஐயாவின் தங்கை. தமையனுக்கு உடம்பு ஏலாமல் வந்த நாள் தொடக்கம் இங்கேதான் நிற்கிறாள். ஆளைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. அவிக்கிறவள், துடைக்கிறவள், மலசலம் எடுக்கிறவள். வாய் மட்டும் சும்மா கிடக்காது.

"வந்துதோ கல்?"

"இல்லை மாமி."

"கல் வராது. உனக்கு அண்ணன் எண்டு ஒருத்தர் இருந்திருந்தா உன்னை உப்பிடி மழைக்குள்ளை அலையவும் விட்டிரார்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒரு வார்த்தை சொல்லிவிடன் பிள்ளை. விடியத் தொடக்கம் வாயைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறார். பெத்த பிள்ளையின்ரை கையாலை ஒரு சொட்டுப் பால் இறங்காமப் போனா அந்தக் கட்டை வேகுமோ?"

அருமைநாயகி சேலைத் தலைப்பைப் பிழிந்தாள்.

அந்த ஒரு வார்த்தை என்னவென்றால், மலைநாட்டுக்குப் போகமாட்டேன் என்பது. சண்முகநாதன் அடுத்த குறிச்சிப் பொடியன், அப்புத்தளைக்கு அங்கால் ஒரு சின்ன ஸ்ரேசனில் கிளாக்கர். அவன் தாய் மூன்று தரம் வந்து பெண் கேட்டாள். சாதகம் பொருந்தியது, சீதனம் பேச்சில் குறுக்கே நிற்கவில்லை, பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் விருப்பம். அம்பலவாணர் ஒரே பிடியாக நின்றார். "உத்தியோகத்தை இஞ்சாலை மாத்திக்கொண்டு வரட்டும். என்ரை பிள்ளை மலை ஏறாது." மலாயா மாப்பிள்ளை ஒருவனையும் அப்படித்தான் திருப்பி அனுப்பினார், அங்கேயும் மலை இருக்கிறதாம். இப்படியே அவளுடன் படித்தவர்கள் எல்லாம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிற காலம் வந்துவிட்டது. அவள் கிடுகு வேலிக்குள் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளைக்கு முன் கடைசித் தரமாக அவன் தாய் வந்து போனதும் ஐயா அவளைக் கிட்டக் கூப்பிட்டார்.

"நான் போனாப் பிறகும் போகமாட்டன் எண்டு சொல்லு."

அவள் நின்றாள்.

"சொல்லு பிள்ளை."

ஓம் என்றால் சண்முகநாதன் இல்லை. சொல்ல மாட்டேன் என்றால் ஐயா பால் குடிக்க மாட்டார். இரண்டுக்கும் நடுவில் மூன்று நாள் அவள் அதற்கு வாய் திறக்கவில்லை, இன்றைக்கு விடியத் தொடக்கம் அவரும் பாலுக்கு வாய் திறக்கவில்லை. அப்பனும் மகளும் பிடிவாதத்தில் ஒரே அச்சு என்று மாமி குசினிக்குள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பாலைத் திரும்பத் திரும்பச் சூடாக்கினாள்.

அவருடைய பயத்துக்கு ஊரறிந்த காரணம் இருந்தது. ஒரு வருடம் பேச்சியோடையில் யாரும் கண்டிராத வெள்ளம் வந்தது. கிடந்த கல், மண், மணல் எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. வெள்ளம் வடிந்ததும் ஓடை கழுவின சட்டி மாதிரிக் கிடந்தது, அடிப்பாறை பளபளத்தது. அம்பலவாணர் இறங்கி நடந்து பார்த்துவிட்டு, "இனி இதிலை வாறதுக்கு ஒண்டும் இல்லை. கன காலத்துக்குப் பயமில்லை" என்றார். அவர் சொன்னால் துரைமாரே கேட்பார்கள். மேட்டு வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து தெய்வானைக்கு இடுப்பு முறிந்துபோயிருந்தது. ஓடைக்குப் பக்கத்தில் ஒரு வீடு காலியாகக் கிடந்தது. குடி மாறினார்கள்.

அவர் சொன்னது பிழையில்லை, ஓடையில் ஒன்றும் இல்லைதான். ஆனால் ஓடைக்கு மேலே காட்டை வெட்டித் தேயிலை நடுவதற்காகச் சரிவைச் சிரைத்து வைத்திருந்தார்கள். வேர் செத்த மண் அங்கே தொங்கிக்கொண்டு நின்றது. படுக்கையைப் பார்த்தவர் மேலே அண்ணாந்து பார்க்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில், குடை பிடிக்கக்கூடத் தேவையில்லாத ஒரு தூற்றலில், சரிவின் பாதி இறங்கி வந்தது. அம்மா குசினிக்குள் நின்றாள். அவரும் மகளும் பெயின்ற் வாளியோடு மேலே போயிருந்தார்கள்.

தோண்டின இடத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் கிடந்தது அந்தக் கறுத்தக் கல். சிவப்புப் பூசியிருந்தது. முந்தின கிழமை ஓடையின் உச்சியில் அருமைநாயகியே பூசி வைத்த கல். அதை ஒரு சாக்கில் சுற்றிக்கொண்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, அம்பலவாணர் ரயில் கோச்சியேறி ஊருக்கு வந்தார். சாக்கை இறக்கினபோது மாமி, "அம்மிக் குழவியோ அண்ணை?" என்று கேட்டாளாம். "அரைவாசிதான் வந்தது. மீதி மேலை நிக்குது" என்று அவர் சொன்னாராம். அதற்குப் பிறகு அவர் மலையையே பார்க்கவில்லை. ஆனால் மீதி வரும் என்று காத்திருந்தார். மழை பெய்தால் கல் வந்ததா என்று கேட்பார். இல்லை என்று மகள் சொன்னால், "அப்ப மீதி மேலைதான் நிக்குது" என்பார். இப்படி ஒரு மனிதரோடு இத்தனை மாரி இருந்து பாருங்கள். அவளுக்கு அவர்மேல் இரக்கம் இருந்த அளவுக்குக் கோபமும் இருந்தது. இரண்டையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் இருந்தாள்.

அறைக்குள் போனாள். மாமி பால் செம்போடு பின்னால் வந்தாள். கட்டிலில் ஐயா சுருங்கிப் போய்க் கிடந்தார். கண் மட்டும் வாசலில் இருந்தது.

"பிள்ளை. கல்?"

இல்லை ஐயா என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அந்தச் சொல் நாக்கு நுனியில் தானாக வந்து நிற்கும். இன்றைக்கும் நின்றது. அதைச் சொன்னால் மீதி மேலேதான் நிற்கும். அவர் அதைப் பார்த்துக்கொண்டே போவார்.

"வந்திட்டுது ஐயா" என்றாள்.

மாமி, "என்னடி..." என்று தொடங்கினாள். அருமைநாயகி திரும்பாமலே கையைக் காட்டி நிறுத்தினாள்.

ஐயாவின் புருவம் ஏறியது. சாகக் கிடக்கிற மனிதருக்கு எங்கிருந்து அந்தத் தெளிவு வந்ததோ, குரல் பழைய ஓவசியர் குரலாக இருந்தது.

"என்ன பருமன்?"

"அடுப்புக்கல்லுப் பருமனிலை இருந்து வண்டில் பருமன் மட்டும் கிடக்கு."

"தரம் பிரிஞ்சு கிடக்கோ, கலந்து கிடக்கோ?"

"கலந்து. மண், மரம், கல்லு எல்லாம் ஒண்டாக் கிடக்கு ஐயா."

"மரம் வேரோடையோ?"

"வேரோடை."

"அப்ப வெள்ளம் இல்லை. சரிவு இறங்கியிருக்கு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு கண்ணை அவள் முகத்தில் குத்தினார். "மேலை பாத்தனியோ? படுக்கையைப் பாத்துப்போட்டு வந்து சொல்லாதை. மேலை ஏறிப் பாத்தனியோ?"

"ஏறிப் பாத்தன்."

"என்ன தெரிஞ்சுது?"

"பாறைதான் தெரியுது. மண் இல்லை. மீதி முழுக்க வந்திட்டுது ஐயா. மேலை இனி ஒண்டும் இல்லை."

ஓட்டில் மழை தணிந்து சொட்டாகிவிட்டது. அவர் ஏதோ கேட்க நினைத்து, கேட்கப் பயந்து, கடைசியில் கேட்டார்.

"கீழை ஆராவது நிண்டவையோ?"

அருமைநாயகி மாமியின் பக்கம் கையை நீட்டினாள். பால் செம்பை வாங்கினாள்.

"இல்லை ஐயா. ஒருத்தரும் நிக்கேல்லை."

அவர் கண்ணை மூடினார். நெஞ்சு ஒரு தரம் மேலே எழும்பித் தாழ்ந்தது. பிறகு, விடியத் தொடக்கம் பூட்டிக் கிடந்த வாய், பசித்த குழந்தையின் வாய் மாதிரித் திறந்தது. அவள் கரண்டியால் பாலை விட்டாள். இறங்கியது. இன்னொரு கரண்டி விட்டாள். அதுவும் இறங்கியது.

"இனிப் பயமில்லை" என்றார். "நீ போ பிள்ளை."

அதுதான் அவர் பேசின கடைசிப் பேச்சு. விளக்கு வைக்கிற நேரம் மூச்சு நின்றது. மாமி தலையை விரித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். அயல் எல்லாம் வேலிப் பொட்டு இடைவெளிகளுக்குள்ளால் வந்து நிறைந்தது. அருமைநாயகி கையில் கரண்டியை வைத்துக்கொண்டு நின்றாள். யாரோ அதை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் பறைமேளம் ஒழுங்கைக்குள் வந்தது. வண்ணான் வெள்ளை கட்டினான். முற்றத்தில் உலக்கை பிடித்துச் சுண்ணம் இடித்தார்கள். ஆண்பிள்ளை இல்லாத வீடு என்றபடியால் மாமியின் மகன் நமசிவாயம் ஈர வேட்டியோடு கொள்ளிச் சட்டி தூக்கினான். பாவம், அவன் நல்லவன். புகையிலைத் தோட்டம், மாட்டுப்பட்டி, கோவில் திருவிழா என்று இருக்கிறவன். அவனைப் பிடிக்காமல் போக ஒரு காரணமும் இல்லை. பிடிக்கவும் ஒரு காரணம் இல்லை.

பாடை வெளிக்கிடுகிறபோது படலை குறுக்கே வந்து வந்து இடித்தது. காவுகிறவர்களில் ஒருவர், "உந்தக் கல்லை இஞ்சாலை போடுங்கோ" என்றார். லீவில் ஊருக்கு வந்திருந்த சண்முகநாதன் ஆட்களுக்கு நடுவிலிருந்து வந்து, கல்லைத் தூக்கி, படலையை விரியத் திறந்து அதற்கு முட்டாக வைத்தான். தூக்கும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஊர் பார்க்கும். பெண்கள் படலையோடு நின்றார்கள். அதற்கு அங்காலே ஆண்கள்தான் போவார்கள். மேளம் ஒழுங்கை முடக்கில் திரும்பி, பனங்கூடலுக்குள் தேய்ந்து போகும் வரை அவள் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் ஒரு குழிக்குள் மட்டும் சிவப்பு கொஞ்சம் மிச்சமாக இருந்தது.

கிணற்றடியில் முழுகிவிட்டு வரும்போது மாமி சொல்லத் தொடங்கினாள்.

"முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் நமசிவாயம் இஞ்சைதான் நிப்பான். கொள்ளி வைச்சவன் எல்லோ. பிறகும் குமர்ப்பிள்ளையைத் தனிய விடேலாது. வருசம் திரும்பட்டும், யோசிப்பம்."

என்ன யோசிப்பம் என்று மாமி சொல்லவில்லை. நமசிவாயம் முறை மச்சான் என்றபடியால் சொல்லவும் தேவையில்லை.

"ஐயா போகச் சொன்னவர் மாமி" என்றாள் அருமைநாயகி. சத்தம் வெளியே வரவில்லை போல இருந்தது அவளுக்கு.

ஆனால் மாமிக்குக் கேட்டது. ஈரத் தலையைத் துவட்டுகிற கை நின்றது. "ஏன் சொன்னவர்? நீ கல் வந்திட்டுது எண்டு சொன்னாய், அவர் போ எண்டு சொன்னார். சாகிற மனிசனுக்குப் பொய் சொல்லி வேண்டின உத்தரவு பிள்ளை அது. எனக்கும் உனக்கும் தெரியும், மேலை இருக்கிற தெய்வத்துக்கும் தெரியும்." கோபமாகச் சொல்லவில்லை. சோற்றில் கல் கிடக்கிறது, பார்த்துச் சாப்பிடு என்று சொல்வது மாதிரிச் சொன்னாள். அதனால்தான் அது உள்ளே போய்த் தைத்தது.

போவதற்காகவா பொய் சொன்னேன்? அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அவள் இரண்டு நாள் வீட்டுக்குள் சுற்றினாள். அவர் வாய் திறக்க வேண்டும் என்பதற்காகத்தான் சொன்னாள். சத்தியமாக அதற்குத்தான். ஆனால் "நீ போ பிள்ளை" என்று அவர் சொன்னபோது உள்ளுக்குள் ஏதோ துள்ளியதே, அது பொய்யா? காடாற்றி, சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்துவிட்டு வந்து நமசிவாயம் ஐயாவின் கதிரையில் இருந்து கோப்பி குடித்தான். மாமி ஐயாவின் அறையைக் கழுவித் தன் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தாள். வேலி நேற்றைக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் ஒரு முழம் கிட்ட வந்துவிட்டது போல அவளுக்கு மூச்சு முட்டியது. ஐயா அடைத்து வைத்தபோது அது யாருடைய அடைப்பு என்றாவது தெரிந்தது. இப்போது கோபித்துக்கொள்ளக்கூட ஆள் இல்லை.

நாலாம் நாள் பின்னேரம் சண்முகநாதன் வந்தான். துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் வருகிற மாதிரி வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தான். நமசிவாயம் தோட்டத்துக்குப் போயிருந்தான். மாமி தேத்தண்ணி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். உள்ளே போனாள் என்றால், யன்னலுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"லீவு முடியுது. நாளைக்கு மெயில் கோச்சியிலை போறன்" என்றான். பிறகு தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு, "வருசம் திரும்புமட்டும் ஒண்டும் கதைக்கேலாது எண்டு எனக்கும் தெரியும். நான் காத்துக்கொண்டு நிப்பன். நீர் என்ன சொல்லுறீர் எண்டு தெரிஞ்சால் போதும்."

அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்து, மாமியின் பேச்சில் தட்டுப்பட்டு நின்றது.

அவள் பயப்படுகிறாள் என்று அவன் நினைத்தான். தேற்றுவோம் என்று நினைத்தான். "ஐயா பயந்த மாதிரி அங்கை ஒண்டுமில்லை நாயகி. குவாட்டேர்சுக்குப் பக்கத்திலை ஒரு ஓடை இருக்கு, இல்லை எண்டு சொல்லேல்லை. போன மழையோடை முழுக்க வழிச்சுத் துடைச்சுக்கொண்டு போட்டுது. இப்ப பாத்தால் பாறைதான். சுத்தமாக் கிடக்கு."

அருமைநாயகியின் கை தூணில் இறுகியது. சுத்தமாகக் கிடக்கிறது. அவள் கண்ணுக்கு முன்னால் கழுவின சட்டி மாதிரி ஓர் ஓடை கிடந்தது. அதன் கரையில் குசினிப் புகை எழும்பியது. இந்த மனிதன் சிரித்த முகத்தோடு, அன்போடு, ஐயா சொன்ன அதே சொல்லைக் கொண்டுவந்து வைக்கிறான். யன்னலுக்குப் பின்னால் மாமி மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. உள்ளே இந்த மூச்சு, வெளியே அந்த ஓடை. இங்கேயே இருந்துவிடலாம். நமசிவாயத்துக்குச் சோறு போட்டுக்கொண்டு, மழைக்கு மழை படலையடியில் போய் நின்றுகொண்டு இருந்துவிடலாம். இங்கே ஒரு கல்லும் உருண்டு வராது.

"மேலை பாத்தனீங்களோ?" என்று கேட்டாள்.

அவனுக்கு விளங்கவில்லை. "எங்கை மேலை?"

"ஓடைக்கு மேலை. சரிவிலை என்ன நிக்குது?"

"தேயிலை" என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, "அதுக்கு மேலை தெரியேல்லை. நான் ஏறிப் பாக்கேல்லை" என்றான்.

தெரியாததைத் தெரியும் என்று அவன் சொல்லவில்லை. அது அவளுக்குப் போதுமாக இருந்தது. அவள் தூணை விட்டுவிட்டு முற்றத்தில் இறங்கினாள். செத்த வீட்டன்று விரியத் திறந்த படலை, துக்கம் கேட்க ஆட்கள் வந்துபோனபடி இருந்ததால் ஆடும் அண்டாமல், அப்படியே கிடந்தது. அதற்கு முட்டாகக் கல்லும் அப்படியே கிடந்தது. அவள் குனிந்து இரண்டு கையாலும் கல்லைத் தூக்கிச் சேலையோடு அணைத்துக்கொண்டு வந்து, அவனுடைய கதிரைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஸ்ரேசனிலை சிவப்பு பெயின்ற் இருக்குமோ?"

"சிக்னலுக்கு அடிக்கிறது இருக்கு."

"அதைப் பூசுங்கோ. நல்லாக் காயவிட்டு இரண்டாம் தரமும் பூசுங்கோ. ஓடைக்குள்ளை வையாதையுங்கோ. மேலை, தேயிலை முடியிற இடத்திலை கொண்டுபோய் வையுங்கோ. மழைக்கு மழை போய்ப் பாருங்கோ, அசைஞ்சிருக்கோ எண்டு. அசைஞ்சால் குவாட்டேர்சிலை இருக்காதையுங்கோ. அண்டைக்கே வேறை இடம் பாருங்கோ."

அவன் கல்லைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அசையாட்டி?"

"அசையாட்டி இன்னொரு மாரி பாக்க வேணும்." அவள் சேலையில் ஒட்டின மண்ணைத் தட்டினாள். "அதை வருசம் திரும்ப நான் வந்து பாக்கிறன்."

யன்னலுக்குப் பின்னால் ஒரு செம்பு விழுந்து உருண்டது. மாமி எடுக்கவில்லை.

சண்முகநாதன் சால்வையை உதறி, கல்லைச் சுற்றி முடிந்து தூக்கினான். பாரம் ஒரு பக்கம் இழுக்க, சாய்ந்து சாய்ந்து நடந்து ஒழுங்கையில் இறங்கிப் போனான். எதிரே வந்த ஒருவர், "என்ன தம்பி, பலாப்பழமோ?" என்று கேட்பது கேட்டது. அவன் என்ன பதில் சொன்னான் என்று கேட்கவில்லை.

முட்டு இல்லாத படலை காற்றுக்கு மெல்ல வந்து சாத்திக்கொண்டது. பிறகு தானாகவே திறந்தது. அயல்வீட்டு ஆடு ஒன்று, முன்பெல்லாம் முட்டி முட்டித் திறவாத படலைக்குள் தலையை நீட்டி, கொஞ்ச நேரம் ஐமிச்சத்தோடு பார்த்தது.

"பிள்ளை, ஆடு வருது, படலையைச் சாத்து" என்று மாமி உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

அருமைநாயகி போய்ப் படலையடியில் நின்றாள். கல் கன காலமாகக் கிடந்த இடத்தில் புல் இல்லாமல் வட்டமாக ஈர மண் தெரிந்தது. ஆடு அவளைத் தாண்டி உள்ளே போயிற்று.